உயிரோடு இருந்தவருக்குத் துக்கம் கேட்க வந்தார்கள்

மகள் படித்த பல்கலைக்கழகத்தில், அவள் துறையில் படித்து வெளியே போனவர்கள் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கூடுவார்கள். அப்பா, அம்மா, கட்டிக்கொண்டவர், பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள். காலையில் விளக்கேற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் எழுந்து, பாடம் சொன்னவர்களையும் விடுதியையும் கூடப் படித்தவர்களையும் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார். மத்தியானம் சாப்பாடு. அவ்வளவுதான் அந்தக் கூட்டம். போன வருஷம் எங்கள் வீட்டுக்காக நான் பேச வேண்டும் என்று மகள் போனில் கேட்டாள்.

"ரெண்டே நிமிஷம்ப்பா. நீங்க என்னைப் படிக்க வெச்சதைச் சொல்லுங்க. அங்க இருந்தவங்க என்னைப் பாத்துக்கிட்டதைச் சொல்லுங்க. போதும்."

"சரி சாமி" என்றேன்.

முடியாது என்று சொல்வதற்கும் தைரியம் வேண்டும். அது என்னிடம் இருந்ததில்லை. எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் மழையை நம்பிய மேட்டுக்கொல்லை நிலமும் சில மாடுகளும் உண்டு. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். அந்தச் சொசைட்டியில் வருஷக் கூட்டம் நடந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டு, யாராவது கருத்துக் கேட்பதற்குள் வெளியே வந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். பேப்பர் படிப்பேன். எழுதச் சொன்னால் எழுதுவேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தில் யாரோ எனக்கு என்ன வயது என்று கேட்டபோது மச்சான்தான் பதில் சொன்னான். "மாப்பிள்ளைக்கு வாயி இருக்குதா, இல்ல மீசைக்குக் கீழ சும்மா கோடு போட்டு வெச்சிருக்கீங்களா" என்று பெண் வீட்டார் அன்றைக்கெல்லாம் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பேசுகிற வேலை ஏரியூர்ப் பெரியப்பாவுடையது. என் அப்பாவுக்கு அண்ணன். மாட்டுத் தரகராக இருந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குப் பெண் பார்த்தது முதல் மகளுக்குக் காது குத்தியதுவரை அவர்தான் முன்னால் நின்று பேசினார். மகள் மேல்படிப்புக்குப் போகிறேன் என்றபோது பங்காளிகள் எல்லாரும் மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார்கள். "வெவரம் தெரிஞ்ச புள்ளையைப் புடிச்சுக் கட்டிப்போடச் சொல்றீங்களாடா, படிக்கட்டும் வுடுங்கடா" என்று அவர் ஒருவர்தான் சத்தம் போட்டார்.

அவளைச் சேர்க்கப் போன அன்றும் அவர்தான் உள்ளே போனார். நான் பெட்டியோடு பல்கலைக்கழக வாசலில், ஜூஸ் கடைப் பக்கம் நின்றுகொண்டேன். துறைத் தலைவியாக இருந்த பேராசிரியர் அம்மா, "நீங்க அப்பாவா?" என்று கேட்டாராம். "அப்பன் கேட்டாண்ட நிக்கறானுங்க, கூச்சக்காரப் பய. நான் தாத்தன். பேச வேண்டியதை என்கிட்டப் பேசுங்க, திட்ட வேண்டியதை மட்டும் அவன்கிட்டத் திட்டுங்க" என்றாராம். அந்த அம்மா சிரித்துவிட்டாராம். அன்று முதல் அங்கே எது நடந்தாலும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அவர்தான் போவார். வேகவைத்த கடலையை மஞ்சள் பை நிறையக் கொண்டுபோய் விடுதிப் பெண்களுக்குக் கொடுப்பார். காவலாளி, சமையல்காரர், மகளோடு படித்த பையன்கள், எல்லாருக்கும் அவர் தாத்தா. மகளுடைய அப்பா எப்படி இருப்பார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அப்போது இரண்டு வருஷமாக அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பஸ் படி ஏற முடியவில்லை. அதனால்தான் மகள் என்னைக் கேட்டாள்.

ஒரு வாரம் மாடுகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்பது வரைக்கும் வந்தது. அதற்குமேல் என்ன சொல்ல இருந்தேனோ அது போய்விடும். மனைவி பார்த்துவிட்டு, "கறவை மாடே வணக்கம் சொல்லிரும் போல இருக்குது, நீங்க தாண்ட மாட்டேங்கறீங்க" என்றாள். ஒரு மாடு கன்று போடுகிற நிலையில் இருந்ததால் அவள் வரவில்லை. நான் மட்டும் போவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்று விட்டேன். அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அதையும் விட்டேன். மேடை எப்படி இருக்கும், மைக் எவ்வளவு உயரத்தில் இருக்கும், மகள் எந்த வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள் என்றெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. டீக்கடை ஓரமாகப் போய் நின்று மகளுக்குப் போன் போட்டேன்.

"பஸ் ஏறிட்டீங்களாப்பா?"

"இல்ல சாமி. நம்ம பங்காளி வூட்ல ஒரு சாவு. தீட்டோட வெளக்கேத்தற எடத்துக்கு வரக்கூடாது இல்ல?"

பங்காளி வீட்டுச் சாவு என்றால் எங்கள் பக்கம் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அதை நம்பித்தான் சொன்னேன். ஆனால் மகள் கேட்டாள்.

"யாருப்பா?"

யாராவது ஒருவரைச் சொல்லியிருக்கலாம். எங்களுக்குப் பங்காளிகளுக்குக் குறைவில்லை. அவள் முகம் பார்த்திராத கிழவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தூரத்துச் சாவுக்காக அப்பா வராமல் இருப்பாரா என்று அவள் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஏரியூர்ப் பெரியப்பா."

அந்தப் பக்கம் நாற்காலியோ என்னவோ இழுபடும் சத்தம் வந்தது. பிறகு, "எப்போப்பா?" என்றாள். குரல் மாறிவிட்டிருந்தது.

"விடியக்காலைல."

"எப்ப எடுக்கறாங்க?"

"மத்தியானமே எடுத்துருவாங்க. நீ வராத சாமி. உனக்கு அங்க வேலை கெடக்கும். நாங்க பாத்துக்கறோம்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "நீங்க ஏதாச்சும் சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியிலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "சாப்டேன்" என்று சொல்லிப் போனை அணைத்தே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான்.

வெறும் கையோடு வீட்டுக்குப் போனால் மனைவி கேள்வி கேட்பாள் என்று ஒரு கிலோ கோழிக்கறி வாங்கிக்கொண்டு போனேன்.

"என்னங்க திரும்பி வந்துட்டீங்க?"

"கூட்டத்தைத் தள்ளி வெச்சுட்டாங்களாம்."

"பாப்பா சொல்லவே இல்லியே."

"இப்பத்தான் போன் வந்துச்சு."

அவள் பையை வாங்கி உள்ளே பார்த்தாள். "கூட்டம் தள்ளிப்போனா கோழிக்கறியா? அப்ப மாசாமாசம் தள்ளி வெக்கச் சொல்லுங்க" என்றாள்.

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாணி அள்ளினேன். மனசு லேசாக இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. ஏரியூரில் இருக்கிற மனிதரை வாயாலேயே சாகடித்துவிட்டோமே என்று அவ்வப்போது திக்கென்றது. 'சாயந்திரம் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், மகளிடம் பிறகு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். என்ன சொல்ல முடியும் என்று மட்டும் நினைக்கவில்லை.

மத்தியானம் நான் தட்டில் சோறும் குழம்புமாக உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் மகள். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். அவளோடு படித்தவர்கள், இரண்டு மூன்று பேருடைய அப்பா அம்மாக்கள், நரைத்த தலையோடு ஒரு அம்மா. அவர்தான் அந்தப் பேராசிரியர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூட்டத்துக்கு உடுத்தியிருந்த துணியோடேயே, தலையைக் குனிந்தபடி வந்தார்கள். ஒரு பையன் கையில் பெரிய ரோஜா மாலை இருந்தது. இரண்டு பேர் மூடி போட்ட சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தூக்கி வந்தார்கள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க, வாங்க. கூட்டம் தள்ளிப் போச்சுன்னாரு, இங்கயே வெச்சுக்கலாம்னு வந்துட்டீங்களா? இதென்னங்க மாலையெல்லாம்? அவரு என்ன பண்ணிட்டாருன்னு இவ்ளோ பெரிய மாலை?"

துக்கத்துக்கு வருகிறவர்களை யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாலை வைத்திருந்த பையன் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "தாத்தா... அம்மா, தாத்தா" என்று அழுதாள்.

"எந்தத் தாத்தா? என்ன கண்ணு ஆச்சு?" என்றாள் மனைவி.

மகள் நிமிர்ந்தாள். கதவுக்குள் நான் தட்டோடு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்து குழம்பு வழிந்தது. அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் போனேன்.

"தாத்தா உயிரோட இருக்காரா?"

"இருக்காரு சாமி."

கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதாள். இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. வருகிற வழியில் வேன் தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நின்றபோது, முகத்தைப் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவார்களே என்று இறங்கி நடக்கப் பார்த்தாளாம். எனக்கு எத்தனையோ தடவை அடித்துப் பார்த்தாளாம். பெரியப்பாவின் மகன், அவளுடைய ஏரியூர்ச் சித்தப்பாவும் எடுக்கவில்லையாம். சாவு வீட்டில் யார் போனைக் கையில் வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாளாம். வழியில்தான் வீடு, மாட்டை விட்டு அம்மா இன்னும் கிளம்பியிருக்க மாட்டாள், அவளையும் ஏற்றிக்கொண்டு ஏரியூர் போகலாம் என்றுதான் நேராக இங்கே வந்தார்களாம்.

"ஏன்ப்பா?"

"மேடையில பேச வராது சாமி."

"வராதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானப்பா இருந்துச்சு."

நான் சாணிக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஒருத்திதான் வரேன்னு சொன்னேன். தனியா அனுப்ப மாட்டோம்னு கூட்டத்தை நிறுத்திட்டு வந்துருக்காங்க. இப்ப நான் அவங்ககிட்டப் போயி என்னன்னு சொல்றது? எங்கப்பா பொய் சொன்னாருன்னா? இத்தனை வருஷத்துல அங்க ஒருத்தர்கிட்டயும் நான் ஒரு பொய் சொன்னதில்லப்பா."

அவள் முகம் கழுவத் தொட்டிக்குப் போனாள். நான் வாசலுக்கு வந்தேன். புங்க மரத்தடியில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி யாரையும் எதுவும் கேட்க முடியாமல் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். வந்தவர்களில் ஒரு அம்மா, நெற்றியில் பொட்டில்லாதவர், பாத்திரங்களின் மூடியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "சாவு வூட்ல அடுப்புப் பத்த வெக்க மாட்டீங்களேன்னு கூட்டத்துக்கு ஆக்குன சோத்தை அப்படியே கொண்டாந்துட்டோமுங்க" என்றார். சொல்லும்போதே சமையலறைப் பக்கமிருந்து கறிக்குழம்பு வாசம் வந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கரண்டியைத் தேடினார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மாலை கொண்டுவந்த பையன் அந்த அம்மாவின் மகன். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"என்னை உங்களுக்குத் தெரியாதுங்க. எங்கப்பா லாரி ஓட்டிட்டிருந்தாரு. நான் ரெண்டாவது வருசம் படிக்கறப்ப இந்தத் தொப்பூர்க் கணவாயிலதான் வண்டி கவுந்துபோச்சு. அடுத்த நாளு எல்லாத்துக்கும் பரீட்சை. உங்க பொண்ணுதான் வகுப்புல நின்னு, நான் அவன் வூட்டுக்குப் போறேன், வர்றவங்க வாங்கன்னாங்களாம். பரீட்சை எழுதாம அத்தனை பேரும் வந்துட்டாங்க. மேடம்தான் மறுபடி பரீட்சை வெக்கறதுக்கு யார் யார்கிட்டயோ போயிக் கேட்டாங்க."

பேராசிரியர் அம்மா, "அதை விடுப்பா" என்றார்.

"உங்க பெரியப்பா எப்படியோ கேள்விப்பட்டு வந்துட்டாருங்க. எனக்கு அவரு சொந்தமா, பந்தமா? என் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அழுவுடா, அழுதா ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டேன்னாரு. எங்கம்மாவை ஒரு வாய் தண்ணி குடிக்க வெச்சது அவருதான். அதுக்கப்பறம் எங்க செட்ல யார் வூட்ல துக்கம்னாலும் எல்லாரும் போயிருவோம். உங்க பொண்ணு ஆரம்பிச்சு வெச்சதுங்க. எங்களுக்குப் பின்னாடி படிச்ச பசங்களும் இப்ப அப்படித்தான். அவரு போயிட்டாருன்னதும் இன்னிக்கு யாருக்கும் அங்க இருக்க முடியல."

அவன் அப்பா விழுந்த கணவாய் வழியாகத்தான் அவனை அன்றைக்கு வரவழைத்திருந்தேன். அவன் கையில் என் கை வியர்த்தது. கொட்டகையிலிருந்து மகள் வருவது தெரிந்தது. அவளே சொல்லப் போகிறாள் என்று அவள் நடையில் தெரிந்தது. அவள் வாயால் அது வரக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

"சாகலைங்க" என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. குனிந்தான்.

"பெரியப்பா சாகலைங்க. நான் பொய் சொல்லிட்டேன். எனக்குப் பேச வராது. கூட்டத்துக்கு வரப் பயந்துக்கிட்டு சொல்லிட்டேன்."

மனைவி செம்பைத் தரையில் வைத்தாள். அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப நல்லா இருக்காருங்களா?"

"மூச்சுதான் வாங்குது. நல்லா இருக்காரு."

"நல்லதுங்க" என்றான். கையை உதறவில்லை. மெல்ல விட்டான். விட்டபிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாதவன்போல் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவனாவது திட்டியிருக்கலாம். பெற்றவர்களில் ஒருவர் எழுந்து வேன் பக்கம் போய் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் என்பது முதுகிலேயே தெரிந்தது.

பேராசிரியர் அம்மாதான் முதலில் பேசினார். "பசங்களுக்குப் பசிக்கும். சாப்பிடலாம். சாப்பிட்டுட்டு ஏரியூர் போயி அவரைப் பாத்துட்டே போலாம்."

"மேடம், மாலை?" என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அவருக்குன்னு வாங்குனதுதானே."

"ஐயோ, வேண்டாமுங்க மேடம்" என்றார் அந்தப் பையனின் அம்மா. "சாவுக்குன்னு கட்டுனதை உசுரோட இருக்கறவரு கழுத்துல போடக்கூடாது." மாலையை வாங்கிக்கொண்டுபோய்ச் சினைமாட்டுக்கு முன்னால் போட்டார். அது நாரைத் துப்பித் துப்பிப் பூவைத் தின்றது. அதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

மனைவி கோழிக்குழம்பையும் கொண்டுவந்து வைத்தாள். "எதுக்கு வாங்குனதுன்னு இப்பத்தானே தெரியுது, தின்னுருங்க" என்றாள். அதற்குப் பிறகு அன்றைக்கு என்னோடு அவள் பேசவில்லை.

ஏரியூருக்கு நானும் வேனில் போனேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். வேனிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் தலைப்பாகைத் துண்டைத் தேடினார். மகள் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி, மாட்டைப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கற? பல்லையும் எண்ணிப் பாரு. எண்ண ஒண்ணும் இல்ல" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

"அதென்ன, சொல்லாம கொள்ளாம எல்லாரும் ஒண்ணா?"

சில பேர் என்னைப் பார்த்தார்கள். சில பேர் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள்.

"நீங்க வர முடியலன்னு சொன்னாங்க" என்றார் பேராசிரியர் அம்மா. "அதான் கூட்டத்தை இங்கயே கொண்டுவந்துட்டோம்."

"எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான் தாத்தா" என்றாள் மகள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். வேன் பக்கம் போய் நின்றவர்கூட ஆட்டினார். அப்படியாக என் பொய்யை அத்தனை பேரும் ஆளுக்கொரு பங்காகத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்ற மகளும் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டாள்.

அவருடைய மருமகள் டீ போட்டாள். கூட்டத்தில் சொல்ல இருந்ததையெல்லாம் அவர்கள் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் இருட்டும்வரை இருந்த நாட்களில் விடுதிச் சமையல்காரர் அவர்களுக்கென்று சோறு எடுத்து மூடி வைத்திருப்பாராம். பஸ் தவறிப்போனால் காவலாளியின் மனைவி தன் வீட்டில் படுக்க வைப்பாராம். இங்கிலீஷ் புரியாமல் முதல் வருஷமே படிப்பை விட இருந்த ஒரு பெண்ணைப் பேராசிரியர் அம்மா தினமும் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் பெண் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் சொல்கிறாள். அவளுடைய அப்பா, என்னைப்போலவே கொல்லை வேலை செய்கிறவர், எழுந்து நின்று கும்பிட்டு, "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். யாரும் அது போதாது என்று நினைக்கவில்லை.

பெரியப்பா என்னைத் தேடினார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"டேய், நீயும் ரெண்டு வார்த்தை சொல்லுடா. உன் புள்ளையை இவங்கதான் ஆளாக்கியிருக்காங்க. வெளி மனுசங்க யாரு இருக்கறா?"

எல்லா முகமும் திரும்பியது. மகளும் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் எதிர்பார்த்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 'நல்லா பாத்துக்கிட்டாங்க' என்று அந்த மனிதர் சொன்னதையே நானும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை.

"விடுங்க தாத்தா" என்றாள் மகள்.

கிளம்பும்போது அவள் அவர்களோடு வேனில் ஏறிக்கொண்டாள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்றாள். என்னைப் பார்த்து, "வரேன்ப்பா" என்றாள். வேன் திரும்பிய பிறகும் பெரியப்பா கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் அவரைப் பார்க்கப் போகிறவர்களிடமெல்லாம் அவர் அதைத்தான் சொன்னார். "பல்கலைக்கழகமே வேன் வெச்சுக்கிட்டு வந்துருச்சு, கலெக்டருக்குக்கூட அப்படி வர மாட்டாங்க" என்பார். நான் மருந்து வாங்கிக்கொண்டு போகும்போது என்னிடமும் சொல்வார். "எனக்காக வந்துருக்காங்க பாருடா" என்று என் கையைத் தட்டுவார். நான் மாத்திரையை எண்ணி டப்பாவில் போடுவதுபோல் குனிந்துகொள்வேன். முன்னைவிட அடிக்கடி போனேன். அவர் மேலிருக்கிற பாசம் என்று அவர் மருமகள் பெருமையாகச் சொன்னாள். நான் போன ஒவ்வொரு தடவையும், வாசலில் கால் வைக்கும் முன்பு, உள்ளே இருமல் கேட்கிறதா என்றுதான் நின்று கேட்டேன். நான் சொன்ன சொல் அவரைப் பிடித்துவிடுமோ என்ற பயம் எனக்கு.

மகள் போன் செய்வாள். மாட்டைப் பற்றிக் கேட்பாள், கன்றைப் பற்றிக் கேட்பாள். நான் ஏதாவது சொன்னால், "நெஜமாவாப்பா?" என்பாள். வேண்டுமென்று கேட்பதில்லை. அவளுக்கே தெரியாமல் வந்துவிடுகிறது. மழை பெய்தது என்றாலும் கேட்கிறாள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, நான் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் ஏரியூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா போய்விட்டாராம். மகளுக்கு நானே சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் போனைக் கேட்டு வாங்கினேன்.

"பாப்பா, ஏரியூர்ப் பெரியப்பா போயிட்டாரு சாமி."

அவள் எதுவும் சொல்லவில்லை. அழவும் இல்லை. அவள் இருந்த இடத்தில் யாரோ பேசுவதும் ஒரு பஸ் போவதும் கேட்டன. நான் காத்திருந்தேன். நிஜமா என்று கேட்பாள், ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் அதைக்கூடக் கேட்கவில்லை.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றாள்.

"இருக்கா."

"கொஞ்சம் அம்மாகிட்டக் குடுங்கப்பா."

கொடுத்தேன். மனைவி போனைக் காதில் வைத்து, "ஆமா கண்ணு" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் மகள் அழ ஆரம்பித்தாள். நான் நின்ற இடத்துக்கே அது கேட்டது.